கூரையைத் தொடாத சுவர்

எங்கள் காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவே இருந்த சுவர் கூரையைத் தொடவில்லை. அப்பா கையைத் தூக்கினால் விரல் படுகிற உயரத்தில் நின்றுவிட்டது. அதற்கு மேலே கைமரமும் தகரமும் ஒட்டடையும் புகையும்தான். லயம் என்ற அந்த வரிசை வீட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அந்த இடைவெளி தடையில்லாமல் ஓடியது. கீழே பத்தடிக்குப் பன்னிரண்டடி அவரவர் குடும்பத்துக்கு. மேலே இருந்த காற்று எல்லாருக்கும் பொது. அடுப்புப் புகை போகட்டும் என்றுதான் அப்படிக் கட்டினார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். கல்லும் சுண்ணாம்பும் மிச்சம் பிடித்த கணக்கு அது என்பதே என் எண்ணம். புகை போகவுமில்லை.

கடுகண்ணாவைக் கணவாயின் சரிவில் இருந்தது எங்கள் தோட்டம். மேல்பக்கம் தேயிலை, பணியப் பக்கம் ரப்பர். ஹட்டன், தலவாக்கலை மலைகளைப் போலக் கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் பச்சைப் பாய் விரிந்த ஊர் அல்ல இது. தோட்டத்து எல்லை முடிந்த இடத்தில் சிங்களக் கிராமம் தொடங்கிவிடும்: வயல், பாக்குமரம், பலாவில் ஏறிய மிளகுக் கொடி. அதற்கப்பால் கொழும்பு–கண்டி வீதி. வீதியோடு ஒட்டியும் விலகியும் ரயில் பாதை. மூன்று உலகங்கள் கூப்பிடு தூரத்தில் இருந்தன. ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போக ஒரு சிறுவனுக்குக் கால்மணி நேரம் போதும். ஆனால் ஒவ்வொன்றிலும் அவன் உடம்பை வேறு மாதிரி வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

லயத்துக்குள் முதல் பாடம் காதுக்குத்தான். எந்த வீட்டில் யார் இருமுகிறார்கள், எந்தக் குழந்தைக்குப் பால் போதவில்லை, யார் சம்பள நாளில் பாதிச் சம்பளத்தோடு வந்தார்கள் என்பதெல்லாம் தலைக்கு மேலாக வந்து சேரும். வந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது இரண்டாவது பாடம். அம்மாயி அதைக் கறாராகச் சொல்லுவார்: "காதுல விழுந்தத காதோட வச்சுக்கணும். பீலியில போயி வாயத் தொறந்தேன்னு தெரிஞ்சா தோல உரிச்சுப்புடுவேன்." பன்னிரண்டு குடும்பமும் அந்தச் சட்டத்தைக் கடைப்பிடித்தன. இரவில் கணவனிடம் அடிவாங்கிய பெண் காலையில் தண்ணீர்ப் பீலியடியில் குடத்தோடு நிற்பாள். யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். அவளுக்கு முன்னால் நிற்பவள் தன் முறையை விட்டுக்கொடுத்து, "நீ புடி" என்பாள். அவ்வளவுதான். அந்த மௌனத்தைப் பெருந்தன்மை என்று சொல்லிக்கொண்டே வளர்ந்தேன். பெரியவனான பிறகு யோசித்தால், அடித்தவனுக்கும் அந்த மௌனம் வசதியாகத்தான் இருந்திருக்கிறது. சில இரவுகளில் மட்டும் மூன்றாவது காம்பராவிலிருந்து ஒரு கிழட்டுக் குரல் எழும்பும்: "போதும்டா, புள்ளைங்க தூங்குது." சண்டை அத்தோடு நின்றுவிடும்.

கண் பார்த்த லயம் வேறு, காது கேட்ட லயம் வேறு. பகலில் லயத்துக்குள்ளே கோடுகள் இருந்தன. முன்பு கங்காணிகள் ஊரும் சாதியும் பார்த்துக் குடும்பங்களைக் குடியேற்றியதால், மேட்டு லயத்துக்காரர்கள் பணிய லயத்தில் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். எங்கள் லயத்திலேயே கடைசி இரண்டு காம்பராக்காரர்கள் எங்கள் முன்வாசல் இஸ்தோப்புக்கு மேல் ஏறியதில்லை. அவர்களில் ஒருவர் தப்படிப்பவர். தேர்த் திருவிழாவிலும் சாவிலும் அவர் இல்லாமல் ஒன்றும் நடக்காது. நடந்து முடிந்ததும் அவருக்கு வாசலில்தான் சாப்பாடு. அதே மனிதர் இரவில் பாடுவார். நல்ல குரல். சுவருக்கு மேலால் வந்த அந்தப் பாட்டை எந்த வீடும் வாசலில் நிறுத்தி வைக்கவில்லை.

நான்காவது காம்பராவில் ரேடியோ வந்த பிறகு இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. தோல் உறை போட்ட சின்ன டிரான்சிஸ்டர். கண்டியில் வாங்கி, லைசன்ஸ் எடுத்து, கொய்யா மரத்துக்குச் செம்புக் கம்பி இழுத்துக் கட்டினார் அந்த மாமா. அன்றிலிருந்து அவர் பெயர் ரேடியோ மாமா. பேட்டரி இறங்கினால் இஸ்தோப்பில் வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டுவார். ரேடியோ அவருடையது, கேட்பது நாங்கள் எல்லாரும். சுவரின் மேல்விளிம்பில் பலகை அடித்து அதில் அதை ஏற்றி வைத்தார். அங்கே இருந்தால் இருபக்கமும் சமமாகக் கேட்கும் என்பது அவர் கண்டுபிடிப்பு.

மாலையில் மலையிலிருந்து கொழுந்துக் கூடையோடு பெண்கள் இறங்கும் நேரத்துக்கு இலங்கை வானொலி லயம் முழுக்க நிறைந்திருக்கும். கொழும்பு டொரிங்டன் சதுக்கத்தில் யாரோ பேசுவது எங்கள் அடுப்புக்கு மேலே கேட்கும். அறிவிப்பாளர் மயில்வாகனனின் பெருமையைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டோம். எங்கள் வயதுக்காரர்களுக்குக் கே.எஸ். ராஜாவின் வேகமும் பி.எச். அப்துல் ஹமீதின் நிதானமும்தான் தமிழ். தோட்டத்தில் 'இருக்குங்க, வருதுங்க' என்று குனிந்து பேசப் பழகிய எங்களுக்கு, நிமிர்ந்து நின்று பேசும் தமிழ் ஒன்று இருக்கிறது என்பது அந்தப் பெட்டி வழியாகத்தான் தெரிந்தது. 'பொங்கும் பூம்புனல்' காலையின் அடையாளம். 'இசையும் கதையும்' வந்தால் அம்மா அரிசி களைவதை நிறுத்திவிடுவார்.

'பாட்டுக்குப் பாட்டு' பிரபலமான காலத்தில் நாங்களே அதை லயத்தில் நடத்தினோம். குப்பி விளக்கெல்லாம் அணைந்த பிறகு முதல் காம்பராவில் யாராவது ஒரு பாட்டைத் தொடங்குவார்கள். முடிகிற எழுத்தை ரேடியோ மாமா அறிவிப்பாளர் குரலில் சொல்லுவார். இருட்டில், பாயில் படுத்தபடி, ஒவ்வொரு காம்பராவும் தன் முறைக்குப் பாடும். கடைசிக் காம்பராத் தப்புக்காரரிடம் போய் நிற்கும்போது எப்போதும் ஒரு சின்ன நிறுத்தம் இருக்கும். அவரிடம் எந்த எழுத்துக்கும் பாட்டு இருந்தது. பகலில் இஸ்தோப்பு ஏறாதவர் இரவில் எங்களைத் தோற்கடித்துக்கொண்டே இருந்தார். யாரும் அதைப் பற்றிப் பகலில் பேசியதில்லை. அம்மாயியின் சட்டம் அதற்கும் செல்லும் போலிருக்கிறது.

ரேடியோ எங்களைச் சேர்த்துக்கொண்ட அளவுக்கு வெளியிலும் நிறுத்தியது. மரண அறிவித்தல் வாசிப்பார்கள். ஓய்வுபெற்ற தபாலதிபர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் என்று வரும். நல்லூர், சுன்னாகம், இணுவில், கல்முனை என்று ஊர்கள் வரும். பார்க்காத அந்த ஊர்களுக்கெல்லாம் என் மனதில் ஒழுங்கைகள் போட்டு வைத்திருந்தேன். கொழுந்து கிள்ளி ஓய்ந்தவர், பால் வெட்டி ஓய்ந்தவர் யாருடைய பெயரும் அதில் வந்து நான் கேட்டதில்லை. எங்கள் சாவுச் செய்தி தோட்டம் தோட்டமாக ஆள் நடந்து போய்த்தான் சொல்ல வேண்டும்.

லயத்தை விட்டு இறங்கினால் தோட்டத்து ரோட்டு. அந்த ரோட்டில் துரையின் வாகனம் வந்தால் ஓரமாக நிற்க வேண்டும், குடையை மடக்க வேண்டும், சைக்கிளில் போகிறவன் இறங்கிவிட வேண்டும். யாரும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை. அப்பாவின் முதுகைப் பார்த்தே கற்றுக்கொண்டேன். தோட்டத்துக் கேட் தாண்டிப் பத்தடி போனதும் அந்த முதுகு நிமிரும். 1975இல் கம்பெனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு துரைக்குப் பதிலாக வேறொருவர் வந்தார், மொழியும் மாறியது. குடை மட்டும் பல காலம் மடங்கிக்கொண்டேதான் இருந்தது.

வீதியோரத்தில் அம்பலம். மரத்தூண், ஓட்டுக்கூரை, சுற்றி உட்காரத் தோதான குட்டைச் சுவர். கண்டி வீதி போட்ட காலத்தில் வழிப்போக்கர்களுக்காகக் கட்டியது. சந்தைக்குப் போகும் சிங்களக் கிழவி, துணி மூட்டை சுமந்த முஸ்லிம் வியாபாரி, பள்ளிக்கூடம் விட்டு வரும் நாங்கள், எல்லாரும் மழைக்கு அங்கேதான் ஒதுங்குவோம். கணவாய் மழை சொல்லிக்கொண்டு வராது. யார், எந்தத் தோட்டம், பிரசா உரிமை உண்டா என்று அங்கே எவரும் கேட்டதில்லை. கிழவி வெற்றிலைப் பையைத் திறந்து எங்களுக்கும் ஒரு துண்டுக் கருப்பட்டி கொடுப்பார். அரைகுறைச் சிங்களத்தை நான் வகுப்பில் கற்கவில்லை, அந்தக் குட்டைச் சுவரில் உட்கார்ந்துதான் கற்றேன். உயர்ந்த சுவரே இல்லாத கட்டடம் மனிதர்களை இவ்வளவு மரியாதையாக நடத்தும் என்று எங்கள் லயத்தைக் கட்டியவர்களுக்குத் தெரியாமல் போனதே என்று இப்போது தோன்றுகிறது.

கொஞ்சம் தள்ளிப் பாறையைக் குடைந்த வழி. அதற்குள் நின்று கத்தினால் குரல் திரும்பி வரும். எங்களுக்கு அதுதான் முக்கியம். மலையைத் துளைத்து வருகிறவன்தான் கண்டியைப் பிடிப்பான் என்று பழைய வாக்கு இருந்ததாகவும், வெள்ளைக்காரன் அதனால்தான் பாறையைத் துளைத்தான் என்றும் கதை சொல்வார்கள். கதை அழகுதான். ஆனால் கண்டி 1815லேயே விழுந்துவிட்டது, வீதி வந்தது அதற்குப் பிறகு. வீதியைத் திட்டமிட்டவர் கப்டன் டோசன். அவர் 1829இல் இறந்துபோக, 1832இல் அவர் நினைவாகக் கோபுரம் எழுப்பினார்கள். நூற்றிருபத்தைந்து அடி உயரம், உள்ளே சுழன்று ஏறும் மரப்படி. ஏற விட்ட நாளில் ஏறி உச்சியிலிருந்து பார்த்தபோது எங்கள் லயம் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. பன்னிரண்டு குடும்பம் என்று அங்கிருந்து யாருக்கும் தெரியாது. கல்வெட்டில் டோசன் பெயர் இருக்கிறது. ராஜகாரியம் என்று பிடித்து வேலைவாங்கப்பட்ட கிராமத்துச் சிங்களவர் பெயரும், பயனியர் படையில் தென்னிந்தியாவிலிருந்து வந்து கல் உடைத்தவர் பெயரும் அதில் இல்லை.

எனக்கு மிகப் பிடித்த இடம் ரயில் நிலையம். ரம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவைவரை நாற்பத்தைந்தடிக்கு ஓரடி என்று பாதை ஏறும். இந்த ஏற்றத்தை வென்றுதான் 1867இல் ரயில் கண்டிக்கு வந்து சேர்ந்தது. பின்னாலிருந்து ஓர் எஞ்சின் தள்ள, மூச்சு வாங்கியபடி வரும் கோச்சி எங்கள் நிலையத்துக்கு வந்ததும் பெருமூச்சு விடும். ஒற்றைப் பாதைக்கான வளையத்தை டிரைவரும் போர்ட்டரும் கை மாற்றிக்கொள்வதைப் பார்க்கவே போவோம். மேடையில் துரைக்கும் அப்பாவுக்கும் ஒரே தரைதான். ஊர்ப்பெயர் மூன்று எழுத்தில் இருந்தது, ஒன்று நம்முடையது. அப்பா அங்கே எவருக்கும் ஒதுங்கி நின்று நான் பார்த்ததில்லை. பெட்டிக்குள் ஏறினால் வகுப்பு வந்துவிடும் என்பது வேறு கதை. எங்களுக்கு ஏறப் பணமும் இல்லை.

அந்த மேடைதான் பிறகு பார்க்கப் பிடிக்காத இடமாயிற்று. 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களான எங்கள் ஆட்களை 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் கணக்குப் போட்டுப் பிரித்துக்கொண்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதிக்குப் பாதி. இந்தக் கணக்கு எங்கள் லயத்துக்குள் வந்தபோது முதல்முறையாக ஆட்கள் குசுகுசுத்துப் பேசத் தொடங்கினார்கள். இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தாயா, இங்கேயா? அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று மனுப் போட்ட வீடுகள் இருந்தன. கூரைக்குக் கீழே இடைவெளி இருக்கும்போது குசுகுசுப்பும் பொதுச் சொத்துதான். கண்டியிலிருந்த இந்திய அலுவலகத்திலிருந்து யாருக்கு பாஸ்போர்ட் வந்தது என்பது அந்த வீட்டுக் குழந்தைகளுக்கு முன்னால் எங்களுக்குத் தெரியும்.

1972 வாக்கில் பக்கத்துக் காம்பராவுக்கு பாஸ்போர்ட் வந்தது. அந்த வீட்டு அக்காவுக்கும் எனக்கும் நடுவே சுவர் என்று ஒன்று இருந்ததாகவே ஞாபகமில்லை. அவர் தன் வீட்டு ட்ரங்குப் பெட்டிமேல் ஏறி நிற்பார்; எனக்கு விரல்கள் மட்டும் தெரியும். உப்பு, நெருப்புப்பெட்டி, புளி, பாடப்புத்தகம், ஒரு முறை குட்டிப் பூனை எல்லாம் அந்த வழியாகத்தான் வந்தன. போவதற்கு முன் வாரம் முழுக்க அவர்கள் வீட்டில் சாமான் கட்டும் சத்தம். அம்மியை எடுத்துக்கொண்டு போவதா என்று தாயும் மகளும் பேசியதை எல்லாரும் கேட்டோம். எல்லாரும் மனதுக்குள் ஆளுக்கொரு பதில் சொன்னோம்.

கோச்சி கண்டிப் பக்கத்திலிருந்து வரும்போதே அழுகையோடுதான் வந்தது. மேலே பல நிலையங்களில் ஏறியவர்கள் சன்னலில் தலைவைத்து ஓய்ந்து போயிருந்தார்கள். ஒப்பாரிக் கோச்சி என்று அதற்கு ஏன் பெயர் வந்தது என்று அன்று விளங்கியது. பொல்ககவலையில் மாறி, அனுராதபுரம் தாண்டித் தலைமன்னார்; அங்கிருந்து ராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரம்; பிறகு மண்டபம் முகாம். இந்தப் பெயர்களை அப்பா மேடையில் திரும்பத் திரும்ப அக்காவின் தகப்பனாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பாவும் அந்த வழியில் போனதில்லை. பெண்கள் ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு, சாவுக்குப் பாடும் வரிகளை உயிரோடிருப்பவர்களுக்குப் பாடினார்கள். மேடையில் நின்ற சிங்களக் குடும்பம் ஒன்று தன் மூட்டைகளை ஓரமாக இழுத்து இடம்விட்டு நின்றது. வண்டி சரிவில் இறங்குவதற்கு முன் பிரேக் பார்க்கும் நேரம்வரை நின்றது. அந்த நேரம் யாருக்கும் போதவில்லை.

அவர்கள் போன இடம் கர்நாடகத்தில் சுள்ளியா. எங்களைப் போலப் பால்வெட்டுத் தெரிந்தவர்களுக்காக அங்கே ரப்பர் நட்டிருந்தார்கள். தேயிலைக்காரர்களுக்குக் கோத்தகிரி, கூடலூர். நீலக் கடிதம் ஒன்று வந்தது. அதில் ஒரு வரியை அம்மாயி பலமுறை வாசிக்கச் சொன்னார்: இங்கே வீட்டுக்கு வீடு தள்ளித் தள்ளி இருக்கிறது, ராத்திரியில் ஒரு சத்தமும் இல்லை, தூக்கம் வரவில்லை. எங்கள் பக்கத்திலும் தூக்கம் கெட்டது. காலியான காம்பராவுக்கு மேலால் வரும் மௌனத்தைக் காது ஏற்கவில்லை.

ஓரிரு வருடம் கழித்து ஒரு மாலை. நேயர் விருப்பப் பாடல்கள். அறிவிப்பாளர் தமிழ்நாட்டுப் பெயர்களை வரிசையாக வாசித்துக்கொண்டு வந்தார். இலங்கை வானொலிக்கு அப்போது அக்கரையில்தான் நேயர்கள் அதிகம். இடையில் சுள்ளியா என்று கேட்டது. அக்காவின் பெயர். அடுத்து, விரும்பிக் கேட்பவர்கள் என்று, கடுகண்ணாவை, எங்கள் தோட்டத்துப் பெயர், லயத்தின் ஒவ்வொரு வீடும். பாட்டு என்னவென்று சத்தியமாக எனக்கு நினைவில்லை. யாரும் கேட்டிருக்கவும் முடியாது. லயம் முழுக்க ஒரே நேரத்தில் கத்தியது. தப்புக்காரர் தன் வீட்டுப் பெயரும் வந்ததா என்று கடைசியிலிருந்து கேட்டார். வந்தது என்று மேட்டுப் பக்கமிருந்து நாலைந்து குரல் ஒன்றாகச் சொல்லியது. ரேடியோ மாமா அன்று பேட்டரி தீரும்வரை ரேடியோவை நிறுத்தவில்லை.

1977 ஆகஸ்டில் அந்த இடைவெளிக்கு வேறு வேலை வந்தது. இனக்கலவரச் செய்தி பரவிய இரவுகளில் ரேடியோவைப் பலகையிலிருந்து இறக்கி, காதோடு வைத்துக் கேட்டார்கள். விளக்கில்லை. குழந்தைகள் அழக்கூடாது. ஒரு வீட்டில் மூச்சு வேகமாகும் சத்தம் அடுத்த வீட்டுக்குப் போய், பயம் லயத்தை ஒரே ஓட்டமாகக் கடந்தது. கீழ்க் கிராமத்துப் பெரியவர் ஒருவர் டார்ச் இல்லாமல் ஏறி வந்து, இன்றைக்கு ரப்பர் காட்டுக்குள் இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். இருந்தோம். திரும்பி வந்த பிறகு மூன்று குடும்பங்கள் கிளிநொச்சிப் பக்கம் போய்விட்டன. பாட்டுக்குப் பாட்டு அதன்பின் நடக்கவில்லை. பாட ஆளில்லை என்பதல்ல காரணம்.

அண்மையில் போயிருந்தேன். நிலையத்தை ஒட்டி இப்போது ரயில்வே அருங்காட்சியகம். இலங்கையில் ரயில் வந்து நூற்றைம்பது ஆண்டானதற்கு 2014 டிசம்பரில் திறந்தது. பழைய எஞ்சின்களுக்கு வண்ணம் பூசி நிறுத்தியிருக்கிறார்கள், குடும்பங்கள் நின்று படம் எடுக்கின்றன. லயத்தில் பாதி இடிந்துவிட்டது. எங்கள் காம்பராவில் இருக்கும் பெண் கட்டாரில் வீட்டுவேலை செய்து சம்பாதித்த பணத்தில் சுவரை பிளாக் கல்லால் கூரைவரை உயர்த்தியிருக்கிறார். உட்காரவைத்து பிளேன் டீ கொடுத்து, பழைய கதையெல்லாம் கேட்டுவிட்டு, "எப்பிடித்தான் இருந்தீங்களோ! எனக்குன்னா பைத்தியம் புடிச்சிருக்கும்" என்றார். அவர் சொல்வதுதான் சரி. அவருடைய பதினாறு வயது மகள் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறாள். எங்கள் லயத்தில் எந்தப் பெண்பிள்ளைக்கும் சாத்துவதற்கு ஒரு கதவு இருந்ததில்லை. அந்தச் சுவர் பாதியில் நின்றதை நினைத்து ஏங்குகிற உரிமை, அதற்குள் இருந்துவிட்டு வெளியே வந்த என் போன்றவர்களுக்கு மட்டும் வாய்த்த சொகுசு.

பழைய லயத்து ஆட்களுக்கு இப்போது வாட்ஸ்அப்பில் ஒரு குழு இருக்கிறது. ரேடியோ மாமாவின் பேரன் தொடங்கியது. சுள்ளியா, கூடலூர், கிளிநொச்சி, வத்தளை, லண்டனில் ஒருவர். எழுதுவதைவிடக் குரல்பதிவுதான் அதிகம், எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் பலர் இருப்பதால். விடிந்து பார்த்தால் இருமலும் சேவல் கூவலும் பேரப்பிள்ளை அழுகையுமாகப் பல ஊர்ச் சத்தங்கள் சேர்ந்து கிடக்கும். தப்புக்காரரின் மகன் யார் பிறந்தநாளுக்கும் ஒரு பாட்டுப் பாடிப் போட்டுவிடுகிறார். நான் அருங்காட்சியகத்துப் படங்களோடு பீலியின் படத்தையும் போட்டேன். இப்போது அதில் பிளாஸ்டிக் குழாய் செருகியிருக்கிறது. ரயில் படங்களை ஒருவரும் கவனிக்கவில்லை. ஐந்து நிமிடத்தில் சுள்ளியாவிலிருந்து அக்காவின் குரல் வந்தது. எழுபதை நெருங்கும் வயது, கன்னடம் கலந்த தமிழ், ஆனால் தொண்டை அதே தொண்டை: "தம்பி, அந்தப் பீலியில நா வச்ச கொடத்த நகத்தி வச்சுப்புட்டு முன்னால போனது ஒங்கம்மாதான். நா இன்னும் மறக்கல. அன்னிக்கி எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாயிருச்சு." அதற்குக் கிளிநொச்சியிலிருந்து ஒரு பெரியம்மா உடனே பதில் போட்டார், குடத்தை நகர்த்தியது தான்தான் என்று. கூடலூர்க்காரர் இரண்டு பேரும் பொய் சொல்கிறார்கள் என்றார்.